திரைவாசிப்பான் பேசுவதற்கு முந்தைய நிமிடம்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மேசைக் கணினி பேசவில்லை. பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருக்கும் மின்விசிறி வழக்கம்போல் ஒருமுறை இரைந்துவிட்டு அடங்கியது, ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் மெல்லிய ஓசையும் கேட்டது, அதற்குமேல் ஒன்றுமில்லை. மற்ற நாள்களில் நான் மனத்துக்குள் ஐம்பது எண்ணி முடிப்பதற்குள் திரையிலுள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் தன் தொடக்க ஒலியை எழுப்பிவிடும். அன்று முந்நூறு எண்ணியும் அறை அமைதியாகவே இருந்தது. ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிச் செருகினேன், ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன், கணினியை அணைத்து மீண்டும் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே விசிறி, அதே அமைதி.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். திருச்சியில் பார்வையற்ற இளைஞர்களுக்குக் கணினி கற்றுக்கொடுப்பது என் தொழில். விண்டோஸ் எழுந்து நின்றுவிட்டால் அதற்குள் எதையும் தேடிப் பிடித்துச் சரிசெய்துவிடுவேன். ஆனால் அன்று காலை என்னால் செய்ய முடிந்தது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது ஒன்றுதான். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் வந்து திரையைப் பார்த்தான்.

“கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தா இருக்கு மாமா. எல்லாம் இங்கிலீஷ்.”

“ஒவ்வொரு வரியா படிப்பா. தெரியாத வார்த்தைன்னா எழுத்தைச் சொல்லு, போதும்.”

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில், அமைப்புகளை நினைவில் வைத்திருக்க உதவும் சீமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது, அமைப்புகளைத் திறக்க எஃப்1 விசையை அழுத்தவும் என்பதுதான் செய்தி. என் கணினி பழுதாகவே இல்லை. அது என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அரை மணி நேரமாக என் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறது. கேட்டது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பேட்டரியை மாற்றுவதற்கு எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. சி.ஆர்.2032 என்ற அந்த வட்ட பேட்டரி ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைந்த அகலம் கொண்டது; விரல் நுனியால் பலகையைத் தடவிக்கொண்டே போனால் அதன் வழவழப்பான முகம் தனியாகத் தெரியும். ஓரத்திலுள்ள உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் அது தானாக எழும்பி வரும். எழுத்துகள் பொறித்த, சற்று அகலமான பக்கம் மேலே இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் பேட்டரி தீர்ந்தபோது பழைய பலகையின் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. என் விண்டோஸ் பழைய பூட் முறையில், அதாவது பழைய தொடக்க முறையில், நிறுவப்பட்டிருந்ததால், புதிய முறையில் தொடங்க முயன்ற கணினிக்கு அது கண்ணில் படவே இல்லை. அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து மாற்றுவதற்கு, பையன் படிக்க நான் விசைகளை அழுத்த, நாற்பது நிமிடங்கள் ஆயின. நடுவில் அவனை அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அவன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்வரை, எந்த வரியில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது என்று விசைப்பலகையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பொத்தானை அழுத்துவதற்கும் திரைவாசிப்பான் பேசுவதற்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் கணினியை நடத்துவது விண்டோஸோ லினக்ஸோ அல்ல. மதர்போர்டிலுள்ள சிறு சில்லில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல்தான் அப்போது பொறுப்பில் இருக்கிறது. 1981-இல் ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அதைப் பயாஸ் என்று அழைக்கிறோம். இன்றைய கணினிகளில் அதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. இருக்கிறது. நினைவகம் சரியாக இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, எந்த வட்டிலிருந்து தொடங்குவது, கடவுச்சொல் உண்டா என்பனவற்றையெல்லாம் அதுதான் பார்க்கிறது. திரைவாசிப்பான் என்பது இயங்குதளத்தின் மேல் ஓடும் ஒரு நிரல். இயங்குதளம் எழாதவரை அதற்கும் உயிரில்லை. ஆகவே கணினி நன்றாக இருக்கும்போதெல்லாம் எனக்குக் குரல் இருக்கிறது. அது சிக்கலில் இருக்கும்போது, அதாவது குரல் மிகவும் தேவைப்படும் வேளையில், குரல் இல்லை.

பழைய கணினிகள் இந்த விஷயத்தில் ஓரளவு இரக்கம் காட்டின. அவற்றின் பெட்டிக்குள் ஒரு சிறு ஸ்பீக்கர் இருந்தது. தொடக்கச் சோதனை நல்லபடியாக முடிந்தால் ஒரு குறும்பீப் ஒலிக்கும். பழைய ஐ.பி.எம். கணினிகளிலும் அவார்டு வகைப் பயாஸிலும் ஒரு நீள பீப்பும் இரண்டு குறும்பீப்பும் வந்தால் திரை அட்டையில் கோளாறு என்று பொருள். இவை பார்வையற்றோருக்காக வைக்கப்பட்டவை அல்ல. திரையே வேலை செய்யாதபோது பழுதுபார்ப்பவருக்கு வேறு வழியில் தகவல் சொல்வதற்காக வைக்கப்பட்டவை. திரை வேலை செய்யாத நிலை ஒன்று உண்டு என்பதை அந்தப் பொறியாளர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லா நாளும் அந்த நிலைதான் என்பதால், அவர்கள் செய்து வைத்த ஏற்பாடு எனக்கும் பயன்பட்டது.

அதன் பிறகு அந்த ஸ்பீக்கர் மெல்ல மெல்லக் காணாமல் போனது. இப்போது விற்கும் பல மதர்போர்டுகளில் அதைச் செருகுவதற்கு நான்கு ஊசிகள் மட்டும் இருக்கின்றன. பெட்டியோடு ஸ்பீக்கர் வருவதில்லை. அதற்குப் பதிலாகச் செயலி, நினைவகம், திரை அட்டை, பூட் என்று நான்கு சிறு விளக்குகளை வைக்கிறார்கள். எங்கே தடைபட்டதோ அந்த விளக்கு எரியும். விலை உயர்ந்த பலகையென்றால் இரண்டு இலக்கம் காட்டும் சிறு எண்பலகை ஒன்றும் இருக்கும். பல மடிக்கணினிகளில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ண வேண்டும். பழுதைத் தெரிவிக்கும் ஏற்பாடு முன்பைவிட வளர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். காதுக்கு இருந்த வழி அடைபட்டதும் அதே வளர்ச்சியில்தான். ஆப்பிள் கணினிகளைத் திறக்கும்போது ஒலிக்கும் அந்தப் பழம்பெரும் நாதமும் 2016-இல் வந்த மேக்புக் புரோவோடு நின்றது. 2020-இல் வந்த பிக் சர் இயங்குதளப் பதிப்பில்தான் வேண்டுமானால் ஒலிக்கச் செய்துகொள்ளலாம் என்று அமைப்புகளில் திரும்பி வந்தது. பார்ப்பவருக்கு அது அழகுக்காக வைத்த ஒலி. பார்வையற்றவருக்கோ கணினிக்கு உயிர் வந்துவிட்டது என்பதற்கான ஒரே அடையாளம் அது.

இயங்குதளங்களை எழுதுபவர்கள் தம் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005-இல் டைகர் பதிப்போடு வந்த ஆப்பிளின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர், மேக் கணினியில் கமாண்ட் விசையோடு எஃப்5-ஐ அழுத்தினால் பேசத் தொடங்கியது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து, ஒலிக் கருவியை இயக்கும் டிரைவர் நிரல் ஒத்துழைத்தால், விண்டோஸை நிறுவும் கட்டத்திலேயே அதன் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டரைப் பேச வைக்கலாம். எல்லாவற்றிலும் என் மனத்துக்கு நெருக்கமானது டெபியன் லினக்ஸ் செய்திருக்கும் வேலை. அதன் நிறுவல் பென் டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கினால், பூட் பட்டியல் விசைக்காகக் காத்திருக்கும் கணத்தில் ஒரு பீப் ஒலிக்கிறது, யு.இ.எஃப்.ஐ. கணினியென்றால் இரண்டு. அது கேட்டதும் எஸ் விசையையும் என்டரையும் அழுத்தினால் பேச்சோடு நிறுவல் தொடங்கிவிடும். எழுத்தைத் தொட்டறியும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் திரை யு.எஸ்.பி.யில் செருகப்பட்டிருந்தால் அதுவே கண்டுகொள்ளும். லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்குள்ளேயே இயங்கும் ஸ்பீக்அப் திரைவாசிப்பான் பல ஆண்டுகள் தற்காலிகப் பகுதியில் வைக்கப்பட்டிருந்து, 2020-இல் வந்த 5.9 பதிப்பில் முறையான இடத்துக்கு வந்தது. ஒரு பீப்பில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கணினி உயிரோடு இருக்கிறது, பென் டிரைவிலிருந்துதான் தொடங்கியது, எந்த முறையில் தொடங்கியது, இப்போது என் பதிலுக்காக நிற்கிறது என்ற நான்கு செய்திகளை அந்த ஒலி சொல்லிவிடுகிறது.

ஆனால் பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி கணினியிடம் சொல்ல வேண்டுமே, அதை எங்கே சொல்வது? ஃபர்ம்வேரில்தான். டெபியனின் கதவு திறந்திருக்கிறது. அதற்கு முந்தைய கதவு பூட்டியிருக்கிறது. விண்டோஸிலும் இதே கதைதான். அடுத்த முறை தொடங்கும்போது நேராக ஃபர்ம்வேர் அமைப்புகளுக்குப் போ என்று விண்டோஸுக்கு உள்ளிருந்தே கட்டளையிடலாம்; அந்தத் தெரிவைத் திரைவாசிப்பான் தெளிவாகப் படித்துக் காட்டும்; அழுத்தினால் கணினி கீழ்ப்படிந்து அங்கே கொண்டுபோய் விடும். வாசல்வரை பேசிக்கொண்டே கூட்டிவந்தவர் நடு வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டதைப் போல, அங்கே அமைதிதான் இருக்கும். வட்டிலுள்ளதை மறையாக்கிப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புத் திரையும் இப்படிப்பட்டதே. ஃபர்ம்வேரில் ஏதேனும் மாறிவிட்டது என்று விண்டோஸுக்கு ஐயம் வந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும், இயங்குதளம் எழுவதற்கு முன்பே. அந்த எண் என் கைபேசியில் பத்திரமாக இருக்கும். அதைக் கேட்கிறார்கள் என்பதை யார் எனக்குச் சொல்வது?

ஃபர்ம்வேர் பேசாமல் இருப்பதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணம் உண்டா என்பதைத்தான் நான் பல நாள் தேடிப் படித்தேன். தேடியதில் எனக்கு மிகுந்த வியப்பைக் கொடுத்தது, பேசுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அங்கே ஏற்கெனவே ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான். இன்டெல் நிறுவனம் இட்டேனியம் கணினிகளுக்காக உருவாக்கிய இ.எஃப்.ஐ., 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த யு.இ.எஃப்.ஐ. மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. அதன் வரையறையில் எச்.ஐ.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பகுதி உண்டு. அமைப்புத் திரையில் தெரியும் ஒவ்வொரு வரியும் அதில் ஒரு படிவத்தின் உறுப்பாகப் பதிவாகிறது: கேள்வியின் பெயர் என்ன, அதற்கான விளக்கம் என்ன, தேர்ந்தெடுக்கக்கூடிய மதிப்புகள் எவை, இப்போதைய மதிப்பு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று எல்லாம் எழுத்தாகவே இருக்கின்றன. அந்த எழுத்துகளை மொழிவாரியாகத் தனித்தனிக் கட்டுகளாக வைக்கவும் ஏற்பாடு உண்டு. திரைவாசிப்பான் ஒன்றை எழுதுபவர் கனவு காணும் அளவுக்குச் சீரான தகவல் அது. இணையத்தில் நான் தினமும் போராடும் பல வலைத்தளங்களில் பொத்தான்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. இங்கே ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயரும் விளக்கவுரையும் இருக்கின்றன. அவ்வளவையும் வைத்துக்கொண்டு, கடைசிப் படியில் அதைப் புள்ளிப் புள்ளியாகத் திரையில் வரைந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

ஒலி எழுப்புவதில் உள்ள தொல்லை உண்மையானது, மறுக்கவில்லை. ஒவ்வொரு பலகையிலும் ஒலிச் சில்லு ஒவ்வொரு விதமாக இணைக்கப்பட்டிருக்கிறது. எந்த முனையில் ஸ்பீக்கர், எந்த முனையில் ஹெட்போன் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். இயங்குதளத்தில் அதைக் கவனித்துக்கொள்ளும் பெரிய டிரைவர் ஃபர்ம்வேரில் இல்லை. ஆனால் செய்ய முடியாதது இல்லை என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஓப்பன்கோர் என்ற திறந்த மூல பூட் ஏற்றியில் யு.இ.எஃப்.ஐ. சூழலிலேயே இயங்கும் ஒலி டிரைவர் இருக்கிறது. எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்ற பட்டியலைக் குரலில் சொல்ல வைக்கும் தெரிவும் அதில் உண்டு. லெனோவோவின் சில திங்க்பேட் கணினிகள், திரை எழாதபோது ஓர் இசைத் துணுக்கை ஒலிக்கின்றன. கைபேசிச் செயலி அதைக் கேட்டுப் பிழை எண்ணாக மாற்றித் தருகிறது. கணினி பாதி இறந்த நிலையிலும் ஒலி எழுப்ப முடிகிறது என்றால், நன்றாக இருக்கும் கணினி ஏன் வாய் திறக்கக் கூடாது?

ஆயினும் பல காலம் யோசித்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு சற்று வேறானது. ஃபர்ம்வேர் பேச வேண்டும் என்று கேட்பதைவிட, தன் எழுத்தை வெளியே கொடுக்க வேண்டும் என்று கேட்பது நல்லது. பேச்சை நிறுவனங்களின் கையில் விட்டால், ஒரே ஓர் ஆங்கிலக் குரலில், ஒரே வேகத்தில், பத்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் பேச்சாக அது முடிந்துவிடும். காதும் கேட்காத பார்வையற்றவருக்கு அதுவும் பயன்படாது. எழுத்து வெளியே வந்தால் போதும், அதைப் பேச வைக்கும் கருவியை நாங்கள் ஏற்கெனவே சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். என் கைபேசி தமிழில் பேசும், ஆங்கிலத்தில் பேசும், என் காது பழகிய வேகத்தில் பேசும், பிரெயில் திரைக்கும் எழுத்தை அனுப்பும்.

இது புதிய யோசனையும் அல்ல. சர்வர் கணினிகளில் இது பல ஆண்டுகளாக அன்றாட நடைமுறை. திரையே பொருத்தப்படாத நூற்றுக்கணக்கான சர்வர்கள் அடுக்கப்பட்டிருக்கும் அறைக்குள் ஒவ்வொரு முறையும் ஆள் போக முடியாது என்பதால், அமைப்புத் திரையின் எழுத்துகளைச் சீரியல் இணைப்பு வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதியை வைத்தார்கள். சர்வர் நிர்வாகியாக இருக்கும் பார்வையற்றவர் தன் கணினியின் திரைவாசிப்பானைக் கொண்டு அதைப் படித்துவிடலாம். டியானோகோர் என்ற யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேருக்கான திறந்த மூலத் திட்டத்தில் யு.எஸ்.பி. வழியான சீரியல் இணைப்புக்கும் ஒரு டிரைவர் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, பல லட்சம் ரூபாய் சர்வரில் இருக்கும் வசதி, வீட்டுக் கணினியில் இல்லாமல் இருப்பதற்கு அதை யாரும் அங்கே கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சீரியல் வழியாக இன்று வருவது பெரும்பாலும் திரையின் படியெடுப்பு: கட்டம் கட்டும் கோடுகளும் நிறத்துக்கான குறியீடுகளும் கலந்த எழுத்துக் குவியல். எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பது நிறத்தில் மட்டுமே தெரியும். திரையை அப்படியே அனுப்பாமல், அதன் பின்னாலிருக்கும் படிவத்தை வரி வரியாக அனுப்ப வேண்டும். “பூட் வரிசை, முதலாவது, யு.எஸ்.பி., ஏழில் மூன்றாம் வரி” என்று ஒரு வரி வந்தால், என் மாணவர்களில் நேற்றுச் சேர்ந்தவர்கூட அதைக் கையாள்வார்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டால், சுற்றுவழிகளில் போகிறோம். அலுவலகங்களுக்கு விற்கும் கணினிகளில் ஃபர்ம்வேர் அமைப்புகளை விண்டோஸுக்கு உள்ளிருந்தே மாற்றும் கருவிகள் உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரம் கணினிகளைச் சீரமைக்க வேண்டிய நிர்வாகிகளுக்காக டெல், எச்.பி., லெனோவோ நிறுவனங்கள் அவற்றை வைத்திருக்கின்றன. எச்.பி.யின் கருவி எல்லா அமைப்புகளையும் ஓர் எளிய எழுத்துக் கோப்பாகக் கொட்டித் தரும். அமைப்பின் பெயர் ஒரு வரியில், அதன் கீழே தெரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு வரியில், நடப்பில் இருக்கும் தெரிவின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. முதல் முறை அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, கீழ் அம்பு விசையை அழுத்தி அழுத்தி, திரைவாசிப்பான் ‘ஸ்டார்’ என்று சொல்லும் இடங்களையெல்லாம் கேட்டுக்கொண்டே போன அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணினியோடு பதினைந்து ஆண்டுகள் பழகியும், அதன் உள்ளே என்னென்ன தெரிவுகள் இருக்கின்றன என்பதை நானே படித்துத் தெரிந்துகொண்டது அன்றுதான். வலையமைப்பு வழியாகக் கணினியை எழுப்பலாமா, மின்சாரம் போய்த் திரும்பினால் தானாகத் தொடங்கலாமா, மூடியைத் திறந்தாலே இயங்கலாமா என்றெல்லாம் அதற்குள் கேள்விகள் இருந்தன. நட்சத்திரத்தை வேறொரு வரிக்கு நகர்த்திச் சேமித்து, கோப்பைத் திருப்பிக் கொடுத்தால் அமைப்பு மாறிவிடுகிறது. லினக்ஸிலும் இப்போது டெல், லெனோவோ கணினிகளின் அமைப்புகளைக் கருவே சாதாரணக் கோப்புகளாகக் காட்டுகிறது, எஃப்.டபிள்யூ.அப்டி என்ற கருவி அவற்றை முனையத்தில் படித்துக் காட்டுகிறது.

இது பெரிய விடுதலைதான், ஆனால் பாதிதான். இயங்குதளம் எழாதபோது இந்தக் கருவிகளும் எழா. கடையில் பொருள் பொருளாக வாங்கி அசெம்பிள் செய்த கணினிக்கு இப்படிப்பட்ட கருவி பெரும்பாலும் கிடையாது. எங்கள் மாணவர்களின் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அத்தகைய கணினிகளே.

அப்போது கைபேசியின் கேமராதான் கண். 2015-இல் வந்த பீ மை ஐஸ் செயலியில் உலகின் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் திரையைப் பார்த்துப் படித்துச் சொல்வார். 2017-இல் வந்த சீயிங் ஏ.ஐ. போன்ற செயலிகள் எழுத்தைத் தாமே படிக்கும். ஆனால் எழுத்தைப் படிக்கும் செயலிக்கு எல்லா வரியும் ஒன்றுதான். இருபது வரிகளையும் ஒழுங்காகப் படித்துவிட்டு, நான் எந்த வரியில் நிற்கிறேன் என்பதை மட்டும் சொல்லாது. இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. பெரும்பாலான அமைப்புத் திரைகளில் வலப்பக்க ஓரத்தில், தேர்வாகியிருக்கும் வரிக்கான விளக்கம் இருக்கும். அம்பு விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த விளக்கம் மாறும். ஆகவே கேமராவைத் திரையின் வலது மூலைக்கு மட்டும் காட்டி, ஒரு கையால் கைபேசியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ் அம்பை ஒருமுறை அழுத்தி, விளக்கத்தைக் கேட்டு, எங்கே நிற்கிறோம் என்று ஊகிக்க வேண்டும். கணினி விளையாட்டு ரசிகர்களுக்காகச் செய்யப்படும் பலகைகளில் சாய்ந்த எழுத்தும், பின்னணியில் நெருப்பும் மின்னலும், சுட்டியால் மட்டும் தொடக்கூடிய படங்களும் நிறைந்திருக்கும்; அங்கே இந்த வழியும் கைவிட்டுவிடுகிறது.

வன்பொருளைத் தொட்டு அறிவதில் சிக்கல் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. கையால் செய்யும் வேலையைக் கையே பார்த்துக்கொள்ளும் என்பது பெருமளவு உண்மை. நினைவக அட்டையான ராமின் பொன்முனைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் ஒரு பக்கமாகத் தள்ளியிருப்பதால் தவறாகச் செருகவே முடியாது. சரியாக அமர்ந்ததும் இரு ஓரத்துக் கொக்கிகளும் ‘டக்’ என்று மூடிக்கொள்வதைக் காது கேட்கும், விரலும் உணரும். யு.எஸ்.பி.-சி எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைகிறது. எஃப், ஜே விசைகளிலுள்ள சிறு மேடுகள் இல்லாமல் என் தொழிலே இல்லை. நல்ல வடிவமைப்பு கண்ணுக்கும் கைக்கும் ஒரே விதமாகப் பேசும் என்பதற்கு இவையெல்லாம் சான்றுகள். மாறாக, 1990-களின் இறுதியில் பி.சி.99 என்ற வடிவமைப்பு வழிகாட்டி கணினியில் வயர்களைச் செருகும் துளைகளுக்கு நிறம் வகுத்தது: விசைப்பலகைக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு. பார்ப்பவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் ஊதாவும் பச்சையும் ஒரே அளவு, ஒரே ஊசி அமைப்பு, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நிறத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லாத இரண்டு துளைகள். நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர், மேலே எது கீழே எது என்று ஒவ்வொரு கணினிக்கும் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். ஒரு துளையின் ஓரத்தில் ஒரே ஒரு சிறு மேட்டை வார்த்திருந்தால் அந்தப் பாடமே தேவைப்பட்டிருக்காது.

இதைவிட எனக்குக் கவலை தருவது விசைகளே தொட்டு அறிய முடியாதவையாக மாறுவது. எஃப்2, எஃப்10, எஃப்12, டெலிட் ஆகிய விசைகளில் ஒன்றைத்தான் பெரும்பாலான கணினிகளில் தொடக்கத்தில் அழுத்த வேண்டும். எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முன்பு நான்கு நான்கு விசைகளுக்கு இடையில் இடைவெளி இருந்தது. விரல் எண்ணிப் போகும். மடிக்கணினிகளில் அந்த வரிசை இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டது. சில மாதிரிகளில் அது தொடுபட்டையாகவே ஆகிவிட்டது. அதோடு, வேகமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக விசையை அழுத்துவதற்கான நேரமும் ஓரிரு நொடியாகச் சுருங்கிவிட்டது. அந்த நொடி எப்போது தொடங்குகிறது என்பதைச் சொல்ல ஒரு பீப் இருந்தால்கூடப் போதும்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருள்களும் கருவிகளும் அனைவருக்குமான வடிவமைப்பில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் அணுகல்தன்மைக்கென்று ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்கக் கூடாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. நுகர்வோருக்கான பொதுப் பயன்பாட்டுக் கணினிகளின் வன்பொருளும் அவற்றின் இயங்குதளமும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நம் கையில் கிடைக்கும் கணினியும் ஐரோப்பாவில் விற்கும் கணினியும் பெரும்பாலும் ஒரே தொழிற்சாலைகளிலிருந்து வருபவை என்பதால், அங்கே ஒன்று மாறினால் அதன் பலன் திருச்சிவரை வரும் என்று நம்புகிறேன். ஆனால் வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த மெல்லிய அடுக்கை இரு தரப்பும் அடுத்தவர் பொறுப்பு என்று தள்ளிவிடக் கூடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு. கொள்முதல் செய்யும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் ஒப்பந்தப் படிவத்தில், ஃபர்ம்வேர் அமைப்புகளின் எழுத்து வெளியே கிடைக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், நூறு கூட்டங்கள் செய்யாததை அந்த ஒரு வரி செய்துவிடும்.

அதுவரை எங்கள் வகுப்பறைக்கு நாங்களே சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். ஆறு மேசைக் கணினிகளிலும் அந்த நான்கு ஊசிகளைத் தேடிக் கண்டுபிடித்து, சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பஸரைச் செருகிவிட்டோம். இப்போது பொத்தானை அழுத்தினால் ஒரு குறும்பீப். அது வராவிட்டால் மாணவர்கள் தாமாகவே பெட்டியைத் திறந்து ராமை எடுத்துத் துடைத்து மீண்டும் செருகுகிறார்கள். ஒவ்வொரு கணினியின் பக்கவாட்டிலும் ஒரு பிரெயில் தாள் தொங்குகிறது: பீப் கேட்டதும் டெலிட், பிறகு வலது அம்பு நான்கு, கீழ் அம்பு இரண்டு, என்டர், மேல் அம்பு ஒன்று, என்டர், எஃப்10, என்டர். பென் டிரைவிலிருந்து தொடங்குவதற்கான முழு வழி அது. பார்வையுள்ள நண்பர் ஒருவரை ஒரு பிற்பகல் முழுதும் உட்கார வைத்து அந்த ஆறு தாள்களையும் தயாரித்தோம்.

போன மாதம் மூன்றாம் கணினியின் ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அடுத்த நாள் ஒரு மாணவி தாளில் உள்ளபடியே விசைகளை அழுத்தினார். கணினி பென் டிரைவுக்குப் போகவில்லை. இரண்டு முறை முயன்ற பிறகு என்னிடம் வந்தார்.

“சார், நான் சரியாத்தான் எண்ணினேன்.”

சரியாகத்தான் எண்ணியிருந்தார். பட்டியலில் புதிதாக ஒரு வரி நுழைந்திருந்ததைக் கைபேசியின் கேமராவைக் காட்டி, வலப்பக்க விளக்கத்தைக் கேட்டுக் கேட்டு, இருவருமாகக் கண்டுபிடித்தோம். தாளை மேசைமேல் விரித்து, பழைய எண்ணின் புள்ளிகளை நகத்தால் அழுத்திச் சமமாக்கினார். பிறகு பிரெயில் எழுதும் ஸ்லேட்டில் தாளைப் பொருத்தி, அதே இடத்தில் ‘கீழ் அம்பு மூன்று’ என்று குத்தி, மறுபடி பெட்டியின் பக்கவாட்டில் மாட்டிவிட்டார்.